பூட்டிய வாயிலுக்கு ஒரு வக்காலத்து

2021 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுக்குப் போய் மூன்று டெஸ்ட் ஆடியது. மூன்றும் கேப் டவுனில், 55,000 பேர் உட்காரக்கூடிய ஒரே அரங்கில். டிக்கெட் வாங்கி உள்ளே வந்த ரசிகர் ஒருவர்கூட இல்லை. அந்தத் தொடரைப் பற்றி ரக்பி ரசிகர்களிடையே ஒரு கருத்து இன்றுவரை கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது: கூட்டத்தோடு நடத்தியிருக்க வேண்டும், முடியாதென்றால் ஓராண்டு தள்ளிவைத்திருக்க வேண்டும், ஆளில்லா அரங்கில் ஆடியது ரக்பிக்கே அவமானம். பெருந்தொற்றின் பயம் தணியத் தணிய இந்தக் கருத்துக்கு ஆதரவு கூடியிருக்கிறது. முழுக்கத் தவறான கருத்து இது என்பது என் கட்சி.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். லயன்ஸ் சாதாரண அணி அன்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு தேசங்களின் சிறந்த வீரர்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே சிவப்புச் சட்டைக்குள் வருகிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று முறைவைத்துப் போகிறார்கள். ஆகவே ஒரு நாட்டுக்கு அவர்கள் வருவது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. தென்னாப்பிரிக்காவுக்கு 1997, 2009, அடுத்து 2021. பல வீரர்களின் ஆட்ட வாழ்க்கையில் இந்த வாய்ப்பு ஒரு தடவைகூட வருவதில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதற்காகவே வருடக்கணக்கில் பணம் சேர்த்து, விடுப்பு சேர்த்து, ஆயிரக்கணக்கானோர் கிளம்பிப் போவார்கள். அவர்கள் இழந்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இழப்பு பெரிது என்பதாலேயே கேட்டது நியாயம் ஆகிவிடாது.

அவர்களுடைய முதல் வாதம், ரக்பி திறந்தவெளி ஆட்டம் என்பது. காற்றோட்டமான அரங்கில் ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையில் முகக்கவசத்தோடு உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார்கள். ஆட்டம் நடக்கும் எண்பது நிமிடத்தை மட்டும் எண்ணினால் இந்தக் கேள்வியில் பொருள் உண்டு. ஆனால் ரசிகர் வானத்திலிருந்து நேராக இருக்கையில் இறங்குவதில்லை. விமானம், விமான நிலைய வரிசை, பதினைந்து பேர் நெருக்கியடிக்கும் மினிபஸ் டாக்ஸி, விடுதி, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் மதுக்கூடம், இரவு நண்பர் வீட்டில் பிராய் எனப்படும் இறைச்சி சுடும் அடுப்பைச் சுற்றிய கூட்டம் என்று எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு டெஸ்ட் நாள்.

இதற்கு அதே கோடையில் கிடைத்த சாட்சி ஒன்று உண்டு. யூரோ கால்பந்துப் போட்டியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 2021 ஜூன் 18 அன்று லண்டன் வெம்ப்ளியில் மோதின. அந்த மாதக் கடைசியில் ஸ்காட்லாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. யூரோ நிகழ்ச்சிகளோடு தொடர்புபடுத்த முடிந்த தொற்றாளர்கள் 1,991 பேர். இவர்களில் 1,294 பேர் லண்டனுக்குப் பயணம் செய்தவர்கள். அரங்கத்துக்குள் போய் ஆட்டம் பார்த்தவர்கள் 397 பேர்தான். அதாவது லண்டன் போனவர்களில் கிட்டத்தட்ட 900 பேர் அரங்கத்தின் படியையே மிதிக்காதவர்கள். அரங்க வாயிலில் வெப்பமானியை நீட்டுவதும் இருக்கைக்கு இருக்கை இடைவெளி விடுவதும் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. அரங்கில் பாதி இருக்கையைத் திறந்தாலும் ஊர் முழுதாகத்தான் நிறையும்.

கேப் டவுனுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். இரண்டாவது, மூன்றாவது டெஸ்டுகள் ஜோகன்னஸ்பர்க்கில் நடப்பதாகத்தான் இருந்தது. அந்நகரம் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் டெல்டா அலை உச்சத்தில் இருந்ததால்தான் எல்லாவற்றையும் கேப் டவுனுக்கு மாற்றினார்கள். அப்போது மேற்குக் கேப் மாகாணத்தில் அலை ஏறுமுகத்தில் இருந்தது. வாயிலைத் திறந்திருந்தால் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா ரசிகர்களும் வண்டி பிடித்து அங்கேதான் வந்திருப்பார்கள். எதற்குப் பயந்து ஆட்டத்தை நகர்த்தினார்களோ அதையே கூட்டத்தின் தோளில் ஏற்றிப் பின்னாலேயே அனுப்பியிருப்பார்கள்.

இரண்டாவது வாதம்: பிரிட்டனில் விட்டார்களே. உண்மைதான். தென்னாப்பிரிக்கா கிளம்புமுன் ஜூன் 26 அன்று எடின்பரோவின் மர்ரேஃபீல்டில் லயன்ஸ் ஜப்பானோடு ஆடியபோது 16,500 பேர் பார்த்தார்கள். ஜூலை 11 யூரோ இறுதியாட்டத்துக்கு வெம்ப்ளியில் அறுபதாயிரத்துக்கு மேல் அனுமதித்தார்கள். வெள்ளைக்கார நாட்டுக்கு ஒரு நீதி, ஆப்பிரிக்காவுக்கு ஒரு நீதியா என்று இந்த வாதத்துக்கு அரசியல் சாயமும் பூசுகிறார்கள்.

அநீதி இருந்தது; ஆனால் அது வேறு இடத்தில் இருந்தது. அன்றைக்கு பிரிட்டனில் வயதுவந்தோரில் பெரும்பாலானவர்களுக்கு ஓர் ஊசியாவது போட்டாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் ஜூலை தொடக்கத்தில் நூற்றில் பத்துப் பேருக்குக்கூட ஊசி போய்ச் சேரவில்லை. புனேயின் சீரம் நிறுவனத்திலிருந்து பிப்ரவரியில் வந்திறங்கிய பத்து லட்சம் அஸ்ட்ராஜெனகா ஊசிகளை, அங்கே பரவியிருந்த பீட்டா திரிபின் லேசான, நடுத்தர நோயை அவை போதிய அளவு தடுக்கவில்லை என்று ஓர் ஆய்வு காட்டியதால், போடாமலே ஒதுக்கிவைத்தார்கள். மருத்துவப் பணியாளர்களுக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசியோடு தொடங்கியபோது பிப்ரவரி நடுவாகிவிட்டது. ஏப்ரல் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் சார்லட் மக்ஸெக்கே மருத்துவமனையில் தீப்பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட அந்தப் பெரிய அரசு மருத்துவமனையிலிருந்து நோயாளிகளை எல்லாம் வெளியேற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது அலை கௌடெங்கை அடித்தபோது அது முழுதாகத் திறக்கவில்லை. ஜூலை 3 அன்று நாட்டில் ஒரே நாளில் 26,000க்கு மேற்பட்ட புதிய தொற்றுகள் பதிவாயின. ஊசி பங்கீட்டில் ஏழை நாடுகளுக்கு நடந்த அநியாயத்துக்குப் பரிகாரம் ஊசி தருவது. ஊசி கிடைக்காதவர்களை ஊசி போட்டவர்களைப் போல நடந்துகொள்ளச் சொன்னால் அநியாயம் இரட்டிப்பாகும்.

சரி, ஊசி போட்ட வெம்ப்ளியாவது தப்பித்ததா? உள்ளே வர ஊசிச் சான்றோ பரிசோதனைச் சான்றோ காட்ட வேண்டும் என்பது விதி. பின்னர் இங்கிலாந்து அரசின் ஆய்வு போட்ட கணக்கில், இறுதியாட்ட நாளில் அரங்கிலும் சுற்றுப்புறத்திலும் பிறருக்குப் பரப்பக்கூடிய நிலையில் இருந்திருக்கக்கூடியவர்கள் 2,295 பேர். அந்த நேரத்தை ஒட்டித் தொற்றைப் பெற்றிருக்கக்கூடியவர்கள் இன்னும் 3,404 பேர். முன்மாதிரி என்று காட்டுகிற ஊரின் ரசீது இது.

இதைவிட நெருக்கமான சாட்சி தொடருக்குள்ளேயே இருக்கிறது. வீரர்களைப் பபிள் என்று சொல்லி ஓட்டலில் பூட்டிவைத்து, ஓயாமல் பரிசோதித்து, வெளியாள் கை படாமல் பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் நோய் உள்ளே வந்தது. 2019 நவம்பரில் உலகக் கோப்பையை வென்றபிறகு ஸ்பிரிங்பாக்ஸ் எனப்படும் தென்னாப்பிரிக்க அணி ஆடிய முதல் டெஸ்ட் ஜூலை 2 அன்று ஜார்ஜியாவுடன் நடந்தது. அதற்கு அடுத்த வாரம் நடக்க இருந்த இரண்டாவது டெஸ்ட் இரு அணியிலும் பரவிய தொற்றால் ரத்தானது. தலைவர் சியா கொலிசிக்கு வந்தது, பயிற்சியாளர் ஜாக் நீனாபருக்கு வந்தது. லயன்ஸ் முகாமிலும் நுழைந்தது. புல்ஸ் அணியோடான ஆட்டம் கைவிடப்பட்டு, ஏற்கெனவே ஆடிய ஷார்க்ஸ் அணியோடே மூன்று நாளில் மறுபடி ஆடினார்கள். ஜார்ஜியாவின் பயிற்சியாளர் லெவன் மைசாஷ்விலி ஜோகன்னஸ்பர்க்கில் நுரையீரல் மோசமாகச் சேதமடைந்து செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். பிழைத்தது பெரிய விஷயம். பூட்டிய ஓட்டலில் சில பத்துப் பேரைக் காக்க இவ்வளவு பாடு. அரங்கு நிறையக் கூட்டத்தை வெறும் முகக்கவசத்தையும் நம்பிக்கையையும் வைத்துக் காப்பாற்றியிருப்போம் என்பவர்கள் இந்த இரண்டு வாரச் செய்திகளை ஒருமுறை திரும்பப் படிக்கலாம்.

மூன்றாவது வாதம் கேட்க வீரமாக இருக்கும்: வளர்ந்தவர்கள், தெரிந்தே போகிறார்கள், அவரவர் ஆபத்து அவரவருக்கு. தனியாக மலையேறப் போகிறவருக்கு இதைச் சொல்லலாம். தொற்றுநோயில் ஆபத்தை விலைகொடுத்து வாங்குகிறவர் ஒருவர், சுமக்கிறவர் இன்னொருவர். டிக்கெட் வாங்கியவர் திங்கள்கிழமை லண்டன் விமானம் ஏறிவிடுவார். அவர் இருமிய மேசையைத் துடைத்த பெண் கேப் டவுனின் ஏழைக் குடியிருப்புகளான கயெலிட்சாவிலோ குகுலெத்துவிலோ நாலு பேர் படுக்கும் ஒற்றை அறைக்குத் திரும்புவாள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தென்னாப்பிரிக்க அரசு ஜூன் 28 முதல் நான்காம் நிலைக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தபோது மது விற்பனையை முழுக்க நிறுத்தியது. காரணம் ஒழுக்கபோதனை இல்லை. அங்கே வார இறுதிகளில் மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவை நிரப்புவது குடியால் விளைகிற அடிதடியும் கத்திக்குத்தும் வாகன விபத்தும். மது நின்றால் அந்தப் படுக்கைகளும் செவிலியர்களும் கொரோனாவுக்கு மிஞ்சுவார்கள் என்பது முந்தைய அலைகளில் கண்ட பாடம். இந்தத் தொடரின் அதிகாரப்பூர்வப் பெயர் என்ன தெரியுமா? ‘காஸில் லாகர் லயன்ஸ் சீரிஸ்’. காஸில் லாகர் என்பது பீர். ஜூலை 24 அன்று முதல் டெஸ்ட் நடந்தபோது தொடரின் பெயரில் இருந்த பீரைக் கடையில் வாங்குவது சட்டவிரோதம். அந்த நிலையில், பீர் விளம்பரத்தைச் சுற்றிக் கட்டிய திருவிழாவுக்குக் கூட்டத்தைக் கூப்பிட்டுவிட்டு, ‘அவரவர் பொறுப்பு’ என்று கை கழுவிக்கொள்வது எப்படி?

நான்காவது வாதத்தை நான் லேசாகத் தள்ள மாட்டேன். கூட்டம் வந்தால் பிழைப்பவர்கள் பலர்: சிறு விடுதிக்காரர், வண்டியோட்டி, அரங்க வாயிலில் சட்டையும் கொடியும் விற்பவர், சமையல்காரர். ஒன்றரை ஆண்டாக வருமானமில்லாமல் கிடந்த அவர்களுக்கு இந்தத் தொடர் பெரிய எதிர்பார்ப்பு. அது பொய்த்தது. கேள்வி என்னவென்றால், அவர்கள் பெயரைச் சொல்லி வாதாடுகிறவர்கள் அவர்களுக்காக வேறு என்ன கேட்டார்கள்? வேலையில்லாதவர்களுக்குத் தென்னாப்பிரிக்க அரசு கொடுத்துவந்த மாதம் 350 ராண்ட் உதவித்தொகை 2021 ஏப்ரல் கடைசியோடு நின்றது. மூன்றாவது அலை முழு வேகத்தில் அடித்த மாதங்களில் அது இல்லை. ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறை சென்றதை ஒட்டி குவாஸூலு-நடாலிலும் கௌடெங்கிலும் கலவரமும் சூறையாடலும் வெடித்து, 300க்கும் மேற்பட்டோர் மாண்டபிறகு, ஜூலை 25 அன்றுதான் அதைத் திரும்பக் கொடுப்பதாக அதிபர் ராமபோசா அறிவித்தார். கொடி விற்கிறவரின் வயிற்றுக்காகத்தான் பேசினோம் என்றால் அந்த மாதங்களில் பேசியிருக்க வேண்டியது இந்த 350 ராண்டைப் பற்றி. அரங்க இருக்கைகளைத் திறக்கச் சொன்ன குரல்கள் அதில் கேட்கவில்லை. தவிர, முதலில் நோய் பிடித்திருக்கக்கூடியவரும் அந்த வியாபாரியே. அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பும் கிடையாது, காப்பீடும் கிடையாது.

இங்கே ஒளிபரப்புப் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டத்தை நடத்தியதற்கு முதல் காரணம் அந்தப் பணம்தான் என்பதை யாரும் மறைக்கவில்லை. 2020 முழுக்க ஒரு டெஸ்ட்கூட ஆடாத நாட்டில் வீரர்களுக்கும், மாகாணச் சங்கங்களுக்கும், கீழ்மட்டத்தில் பள்ளிப் பையன்களைப் பயிற்றுவிக்கிறவர்களுக்கும் பணம் வர வேறு வழி இருக்கவில்லை. டிக்கெட் வருமானம் போனது பெரிய அடி. தொலைக்காட்சி வருமானமும் போயிருந்தால் எழ முடியாத அடி. காலி அரங்கில் ஆடியது இந்த இரண்டுக்கும் நடுவே கண்ட வழி. அவமானம் என்று சொல்கிறவர்கள், மாற்று வழியில் யார் பட்டினி கிடந்திருப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்து, ஓராண்டு தள்ளிவைத்திருக்கலாமே என்பது. 2021 தொடக்கத்தில் எதுவும் தெரியாத நிலையில் இப்படி யோசித்திருந்தால் புரிந்துகொள்ளலாம். நடந்ததெல்லாம் தெரிந்தபின்னும் சொல்வதுதான் வேடிக்கை. 2023இல் பிரான்சில் உலகக் கோப்பை. அதற்கு முந்தைய ஆண்டு லயன்ஸின் நான்கு தேசச் சங்கங்களும் தென்னாப்பிரிக்கச் சங்கமும் தங்கள் தங்கள் பயணங்களை ஏற்கெனவே எழுதிவைத்திருந்தன. அதையும் விடுங்கள். ‘சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று என்று 2021 நவம்பர் கடைசியில் பார்த்தோம். ஒமிக்ரான் திரிபைத் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்த மறுநாளே விமானங்கள் நின்றன. லீக் ஆட்டத்துக்காக வந்திருந்த மன்ஸ்டர், கார்டிஃப், ஸ்கார்லெட்ஸ், ஸெப்ரே அணிகள் அங்கேயே மாட்டிக்கொண்டன. கார்டிஃப் தன் முதல்தர வீரர்கள் இல்லாமல், இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு துலூஸ் அணியை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. நான்கு கிளப் அணிகளுக்கே இந்த கதி என்றால், பத்தாயிரக்கணக்கான ரசிகர்களைச் சிவப்புச் சட்டையோடு அங்கே இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கடைசியாக, கூட்டம் இல்லாததால் ஆட்டம் செத்துப்போனது, வெறுப்பும் புகாரும்தான் மிஞ்சின என்கிறார்கள். தென்னாப்பிரிக்க ரக்பி இயக்குநர் ராஸி எராஸ்மஸ் முதல் டெஸ்டின் நடுவரைக் குறைகூறி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் காணொளி வெளியிட்டது, இரண்டாவது டெஸ்டில் முதல் பாதி ஒரு மணி நேரத்தைத் தாண்டி இழுத்தது, பந்தை ஓயாமல் மேலே உதைத்துக்கொண்டே இருந்தது என்று பட்டியல் போடுகிறார்கள். எல்லாம் நடந்ததுதான். ஆனால் 2009ஐ மறந்துவிட்டார்களா? பிரிட்டோரியாவின் லாஃப்டஸ் அரங்கு நிரம்பி வழிந்த அந்த இரண்டாவது டெஸ்டில், முதல் நிமிடத்திலேயே எதிராளியின் கண்ணில் விரல் வைத்ததற்காகத் தென்னாப்பிரிக்காவின் ஷால்க் பர்கர் மஞ்சள் அட்டை வாங்கினார். பிறகு எட்டு வாரம் தடையும் வாங்கினார். நிறைந்த அரங்கு அன்று யாரையும் நல்லவராக்கவில்லை. அதே ஆட்டத்தைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி உதையில் வென்று கொடுத்தவர் மோர்னே ஸ்டெய்ன். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 37 வயதில், ஐந்தாண்டாகத் தேசிய அணியில் இடமே இல்லாமல் இருந்த அதே மனிதர் மாற்றாளாக உள்ளே வந்து, காலி அரங்கில், 79ஆம் நிமிட பெனால்டியை உதைத்து 19–16 என்று தொடரை முடித்தார். அந்த உதையின் மதிப்பு கைதட்டலைப் பொறுத்தது என்று அவரிடம் யாராவது சொல்லிப் பார்க்கலாம்.

கூட்டம் ஆட்டத்துக்கு என்ன தரும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே 2021 பிப்ரவரியில் இங்கிலாந்து கிரிக்கெட் அணி சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட் ஆடியது. முதலாவது ஆளில்லாமல், இரண்டாவது பாதி இருக்கையில் ஆட்களோடு. இரண்டாவதில் அஸ்வின் தன் சொந்த ஊரில் சதம் அடித்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கேட்டவர்கள், முந்தைய வார நிசப்தத்தில் அது நடந்திருந்தால் என்று நினைக்கவே மாட்டார்கள். ஆனால் அந்தப் பயணத்தின் மிச்சத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அகமதாபாத்தில் மார்ச் 12, 14 இரவுகளில் நடந்த டி20 ஆட்டங்களுக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளே விட்டார்கள். 15ஆம் தேதி, மீதி மூன்று ஆட்டத்துக்கும் பார்வையாளர் இல்லை என்று அறிவித்தார்கள். இரண்டாம் அலை அந்த அரங்கிலிருந்து கிளம்பியது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை அறுபதாயிரம் பேருக்குச் சரியாக இருந்தது திங்கட்கிழமை ஒருவருக்கும் சரியில்லாமல் போனது எப்படி என்றுதான் கேட்கிறேன். வாயிலைத் திறக்கும் முடிவு ஆட்டச் சங்கத்தின் கையில் இருந்தால், இனி முடியாது என்கிற கடைசி நாள்வரை திறந்தே இருக்கும்.

பிணங்கள் விழும் நாட்டில் ஆட்டமே எதற்கு என்று கேட்கும் இன்னொரு தரப்பும் உண்டு. அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, உடன்பாடு இல்லை. வீட்டுக்குள் இருங்கள் என்று கோடிக்கணக்கானவர்களுக்கு உத்தரவு போட்டுவிட்டு, வீட்டுக்குள் பார்ப்பதற்கு இருந்த ஒன்றையும் பிடுங்குவதில் யாருக்கு நன்மை? கலவரத்தில் கருகிய அந்த ஜூலையில், கறுப்பினத் தலைவர் ஒருவர் நோயிலிருந்து எழுந்து வந்து தேசிய அணியை நடத்தியதை நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. அதைப் பார்க்க யாரும் வாசற்படி தாண்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பெருந்தொற்று வரும்போது இந்த விவாதம் மறுபடி எழும். அதற்குள் செய்துவைக்க வேண்டியவை உண்டு. கூட்டத்தை அனுமதிக்கும் அதிகாரம் அந்தந்த மாகாணத்தின் மருத்துவமனைப் படுக்கைக் கணக்கை வைத்திருக்கிறவர்களிடம் இருக்க வேண்டும். ஒளிபரப்பாளரிடமும் விளம்பரதாரரிடமும் ஆட்டச் சங்கத்திடமும் கூடாது. எந்த அளவில் மூடுவது என்பதை டிக்கெட் விற்குமுன்பே எழுதி வெளியிட வேண்டும். அரங்கு மூடினால் வாயில் வியாபாரிக்கும் தினக்கூலிக்கும் ஒளிபரப்பு வருமானத்திலிருந்து ஒரு பங்கு போக வேண்டும். 2021 தொடரின் மேல் நியாயமாகச் சொல்லக்கூடிய குறை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். டிக்கெட் வாங்கி ஏமாந்தவருக்குப் பணம் திரும்பக் கிடைத்துவிடும். முறைப்படி பார்த்தால் 2033இல் லயன்ஸ் மறுபடி தென்னாப்பிரிக்கா வரும். அவரும் போய்ப் பார்க்கலாம். தவறாகத் திறந்த வாயிலால் ஒருவருக்குப் போன உயிரை எந்தச் சங்கமும் திருப்பிக் கொடுக்காது. இந்த இரண்டு இழப்பையும் ஒரே தராசில் வைத்து, முதலாவதுதான் கனம் என்று சொல்பவர்களோடு எனக்கு ரக்பியைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.